பிள்ளை கிடைத்த இடத்திலிருந்து

குணாளன் எழுதிய முதல் வரி சிரம்பான் லோபாக் வாசகர் வட்டத்தில் எல்லோருக்கும் பிடித்துவிட்டது.

'கோமதி போனில் சிரித்துக்கொண்டிருந்தாள். பிள்ளை வாசலைத் தாண்டிப் போனது.'

ஒரு டியூஷன் சென்டரின் மேல்மாடியில் கூட்டம். சின்னப் பிள்ளைகளுக்கான நாற்காலிகளில் முழங்காலை இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள், அந்த வரியைக் கேட்டதும் நிமிர்ந்தார்கள். வட்டத்தின் சார்பில் சிறுகதைத் தொகுப்பு ஒன்று வரப்போகிறது. ஆளுக்கு ஒரு கதை தர வேண்டும். மற்றவர்கள் விடியலிலும் பறவைகளிலும் தொடங்கியிருந்தார்கள். வட்டத் தலைவர் தனியாகக் கூப்பிட்டு, இப்படி ஒரு வரியைப் படித்தவன் அடுத்த வரிக்குப் போகாமல் இருக்க முடியாது என்று சொன்னார். குணாளனுக்குத் தலைகால் புரியவில்லை. நீலாயில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோரைப் பார்த்துக்கொள்கிறவன் அவன். ஞாயிறு பத்திரிகைகளில் இரண்டு மூன்று கதைகள் வந்திருந்தன. யாரும் இப்படிக் கூப்பிட்டுச் சொன்னதில்லை.

வீட்டுக்கு வந்து மனைவி நீலாவதியிடம் கதையைப் படித்துக் காட்டினான். அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். முழுவதையும் கேட்டுவிட்டு, குழாயை மூடினாள்.

"மாதவி படிச்சிட்டாளா?"

"பேரு மாத்திட்டேன். கதைதானே."

"சிரம்பான்லேர்ந்து பெடாஸ் வரைக்கும் செம்பனைக் காட்டுல பிள்ளையத் தொலைச்ச கோமதி எத்தன பேரு இருக்காங்க?"

குணாளன் தாளை மேசைமேல் வைத்தான். நீலாவதி கையைத் துடைத்துக்கொண்டு வந்து தாளை ஒரு முறை பார்த்தாள்.

"இன்னொண்ணு சொல்லவா? இந்த வரி உங்களோடது இல்ல. மணியத்தோடது."

அது அவனைச் சுட்டது. ஏனென்றால் உண்மை.

மாதவி குணாளனின் தங்கை. பெடாஸைத் தாண்டி உள்ளே போனால் வரும், எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டத்தில் குடியிருக்கிறாள். அவள் கணவன் மணியம் பழக்குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவன். ஏழு ஆண்டுகளுக்கு முன்னால், அவர்கள் மகள் ஷாமினிக்கு நான்கு வயதாக இருந்தபோது, ஒரு மத்தியானம் பிள்ளை காணாமல் போய்விட்டது. மாலையில் பெருமழை. வீடுகளுக்குப் பின்னால் ஓடும் பெரிய கால்வாய் கரை புரண்டது. கரையோரத்தில் பிள்ளையின் ஒற்றைச் சிலிப்பர் கிடந்தது. அதன் பிறகு எல்லோரும் தண்ணீரில்தான் தேடினார்கள். போலிஸ் வந்தது, தீயணைப்புப் படையான பொம்பா வந்தது. மறுநாள் காலையில் பிள்ளை உயிரோடு கிடைத்தாள். உடம்பில் கொசுக்கடியைத் தவிர ஒன்றுமில்லை.

குடும்பத்தில் அந்தக் கதையைச் சொல்வது மணியம்தான். கல்யாண வீடோ, காதுகுத்தோ, நாலு பேர் உட்கார்ந்தால் யாராவது கேட்பார்கள். மணியம் நன்றாகச் சொல்வான். லேசாகத் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அன்னைக்கு இவ போன்ல சிரிச்சிக்கிட்டு இருந்தா" என்று தொடங்குவான். கேட்கிறவர்கள் உடனே கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்காருவார்கள். அவன் கெட்ட எண்ணத்தோடு அப்படிச் சொல்லவில்லை. அப்படித் தொடங்கினால் ஆட்கள் கேட்கிறார்கள் என்று கண்டுகொண்டான், அவ்வளவுதான். அந்த நேரத்தில் மாதவிக்குச் சமையல்கட்டில் ஏதாவது வேலை வந்துவிடும்.

குணாளனும் பல முறை முன்னால் நகர்ந்து உட்கார்ந்தவர்களில் ஒருவன்.

அடுத்த சில நாட்கள் வேறு தொடக்கங்களைத் தேடினான். முதலில் தாத்தா கப்பலேறி வந்த நாளில் தொடங்கினான். கித்தா என்கிற ரப்பர் மரங்கள், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக் களம், கங்காணி, பிறகு கித்தாவை வெட்டிவிட்டுச் செம்பனை நட்ட காலம் என்று கை தானாக ஓடியது. எழுதுவதற்குச் சுகமாக இருந்தது. நீலாவதி படித்துப் பார்த்துவிட்டு, பிள்ளை எப்போது பிறக்கும் என்று மட்டும் கேட்டாள். அவன் தாள்களைப் புரட்டினான். தாத்தாவே இன்னும் கல்யாணம் கட்டவில்லை.

பிறகு அந்த நாளின் காலையில் தொடங்கினான். இது சரியாக வரும் போலிருந்தது. அடுப்பில் சோறு. வாசலில் பிள்ளை. வீட்டுக்கு முன்னால் செம்பனை நிரைகளுக்கு நடுவே மாடுகள் மேய்கின்றன. மாதவி பின்வாசலில். மணியம்...

பேனா நின்றது. மணியம் எங்கே?

காலையிலிருந்து தொடங்கினால் வீட்டிலிருக்கிற ஒவ்வொருவரையும் ஓரிடத்தில் வைக்க வேண்டும். மணியம் சொல்லும் கதையில் மணியம், டார்ச்லைட்டோடு மழையில் ஓடிவரும்போதுதான் வருவான். அதற்கு முன்னால் எங்கே இருந்தான் என்று யாரும் கேட்டதில்லை. லோரியில் இருந்திருப்பான் என்று குணாளன் இத்தனை நாளாக நினைத்துக்கொண்டிருந்தான். இப்போது யோசித்தால், அது யாரும் சொன்ன விஷயமில்லை. அவனே போட்டுக்கொண்ட கணக்கு.

கதையைக் கொடுக்க வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. போனில் கேட்கக் கூச்சமாக இருந்தது. சனிக்கிழமை மத்தியானம் முதல் வரி எழுதிய அந்தப் பழைய தாளையே எடுத்துக்கொண்டு மாதவி வீட்டுக்குக் காடியைக் கிளப்பினான். வழியெல்லாம், அவளிடம் காட்டாமலேயே கொடுத்துவிட்டால் என்ன என்று ஒரு குரல் உள்ளே கேட்டபடி இருந்தது. தொகுப்பை மாதவி படிக்கவா போகிறாள்? படிக்காவிட்டாலும் யாராவது படித்துவிட்டு அவளிடம் சொல்வார்கள். சாலையின் இரு பக்கமும் செம்பனை தொடங்கும்போது அந்தக் குரல் அடங்கிவிட்டது. அதற்குள் பாதித் தூரத்துக்கு மேல் வந்தாயிற்று.

மாதவி வீட்டு முன்னால் துணி காயவைத்திருந்தாள். மணியம் லோரிக்கு டயர் மாற்றத் தம்பின் டவுனுக்குப் போயிருந்தான். உள்ளே ஷாமினி கால்களைச் சோபாவின் மேலே தூக்கிப் போட்டுக்கொண்டு தலைகீழாகப் படம் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினொரு வயது. மாமாவைப் பார்த்ததும் தலைகீழாகவே கையை ஆட்டினாள்.

"அண்ணி வரலியாண்ணே? பசியாறிட்டீங்களா?"

பசியாறியாயிற்று என்றான். பாலில்லாத தே ஓ கலந்து கொண்டுவந்தாள். வேறு பேச்சு எதுவும் வாயில் வராததால், தாளை எடுத்து நீட்டினான். புத்தகத்துக்கு எழுதியிருக்கிறேன், அந்த நாளைப் பற்றி, நீ பார்த்துச் சொன்னால்தான் கொடுப்பேன் என்றான்.

மாதவி தாளை வாங்கி முதல் வரியைப் படித்தாள். இரண்டாவது வரிக்கு அவள் கண் போகவில்லை. தாளை மேசைமேல் வைத்து, காற்றில் பறக்காமல் இருக்க அதன்மேல் தே கோப்பையை வைத்தாள். பிறகு வெளியே போய்த் துணிகளை எடுக்கத் தொடங்கினாள். துணி இன்னும் சரியாகக் காயவில்லை.

குணாளன் எழுந்து அவள் பின்னால் போனான். கொடியிலிருந்து கிளிப்புகளைக் கழற்றிக் கொடுத்தான். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் அந்த வேலையையே செய்தார்கள்.

"மோகனாகூடப் பேசிக்கிட்டு இருந்தேன்" என்றாள் மாதவி, ஒரு சட்டையை உதறியபடி. "ஸ்கூல்ல ஒண்ணா படிச்சவ. அவ வீட்டுக்காரரு புதுசா முடிக்குச் சாயம் அடிச்சு, நெத்தியெல்லாம் கறுப்பாயிடுச்சாம். அதச் சொல்லிச் சிரிச்சோம். வேற ஒரு காரணமும் இல்லண்ணே. போலிஸ் கேட்டாங்க, பொம்பா கேட்டாங்க, எல்லாரும் கேட்டாங்க. முக்கியமான போனா இருந்திருந்தா எல்லாருக்கும் நிம்மதியா இருந்திருக்கும். நான் சும்மாதான் சிரிச்சேன்."

"அது தப்பில்லம்மா."

"தப்பில்லன்னு எனக்குத் தெரியும். ஆனா நீங்க அங்கேர்ந்துதானே ஆரம்பிச்சிருக்கீங்க."

அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவனுக்குச் சமாளிக்கச் சுலபமாக இருந்திருக்கும். அந்தத் தொடக்கத்தை விட்டுவிட்டேன், காலையிலிருந்து எழுதிப் பார்க்கிறேன் என்று சொன்னான். பிறகு, வந்த விஷயத்தைக் கேட்டான்.

"அப்போ மாப்பிள்ளை எங்க இருந்தாரு?"

மாதவி துணிகளை நெஞ்சோடு அணைத்தபடி வீட்டுப் பக்கம் பார்த்தாள். உள்ளே தொலைக்காட்சிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"கூடத்துல. வாசலுக்கு நேரா. தூங்கிக்கிட்டு இருந்தாரு. முதல் நாள் ராத்திரி எண்ணெய் மில்லுல லோரிங்க வரிசையா நின்னு, விடியக்காலையிலதான் வந்தாரு. ஷாமினி அவரு காலைத் தாண்டித்தான் போயிருக்கணும்."

குணாளனுக்குக் கையிலிருந்த கிளிப்புகள் கனத்தன. இத்தனை கல்யாண வீடுகளில் இத்தனை முறை அந்தக் கதையைக் கேட்டிருக்கிறான். நீ ஏன் இதைச் சொல்லவே இல்லை என்று கேட்டான்.

"சொன்னா என்னாவும்? எல்லாரும் என்னைப் பாக்கிறத விட்டுட்டு அவரைப் பாப்பாங்க. மனுசன் அசந்து தூங்கினாரு. அதுக்கு அவரை எதுக்குக் குத்தவாளி ஆக்கணும்? நீங்களும் அங்கேர்ந்து ஆரம்பிச்சிடாதீங்க அண்ணே. அது இதைவிட மோசம்."

மழை வரும் போல மேகம் கறுத்திருந்தது. இருவரும் உள்ளே போய் அரைகுறையாகக் காய்ந்த துணிகளை நாற்காலிகளின் முதுகில் விரித்துப் போட்டார்கள். குணாளன் எழுதுவதையே விட்டுவிடலாம் என்று தீர்மானித்துவிட்டான். தொகுப்புக்கு வேறு ஏதாவது கொடுத்துக்கொள்ளலாம். அதைச் சொல்லவும் செய்தான். மாதவி உடனே வேண்டாம் என்றாள்.

"எழுதுங்க. நல்லா எழுதுங்க. ஆனா கிடைச்சதுலேர்ந்து ஆரம்பிங்க."

"எது கிடைச்சதுலேர்ந்து?"

"பிள்ளை கிடைச்சதுலேர்ந்து. யாரு சொன்னாலும் காணாமப் போனதுலேர்ந்துதான் ஆரம்பிக்கிறாங்க. அவ கிடைக்கிற வரைக்கும் எல்லாரும் என்னையே பாத்துக்கிட்டு இருக்காங்க. கிடைச்ச உடனே கதை முடிஞ்சிடுது, எந்திரிச்சு சாப்பிடப் போயிடுறாங்க. அன்னைக்குக் காலையில நான் எவ்வளவு சந்தோசமா இருந்தேன்னு ஒருத்தருக்கும் தெரியாது அண்ணே. அது வரைக்கும் கதை வர்றதே இல்ல."

குணாளன் எழுத்தாளனாக ஒரு ஆட்சேபணை சொன்னான். முதலிலேயே பிள்ளை கிடைத்துவிட்டாள் என்று தெரிந்துவிட்டால், வாசகன் எதற்காக மேலே படிப்பான்? பயம் போய்விடுமே.

மாதவி சோபாவைக் காட்டினாள். அங்கே ஷாமினி இப்போது நேராக உட்கார்ந்து, பிஸ்கட்டைப் பிரித்து நடுவிலிருந்த கிரீமை மட்டும் நக்கிக்கொண்டிருந்தாள்.

"அவ அங்க உக்காந்திருக்கா. தெரிஞ்சா என்னா? போகட்டும் பயம். ஏழு வருசமாப் பயந்தாச்சு."

அதற்குப் பிறகு மாதவி நிறையப் பேசினாள். இத்தனை நாள் அண்ணனிடம் பேசாததெல்லாம் பேசினாள். அந்த நாளைப் பற்றி மட்டும் இல்லை. போனை எடுத்தால் இரண்டு வார்த்தையில் வைத்துவிடுவது, மோகனா பல முறை கூப்பிட்டுப் பார்த்துப் பிறகு கூப்பிடாமலே விட்டுவிட்டது, ஷாமினி குளியலறையில் கொஞ்சம் தாமதித்தால் கதவைத் தட்டுவது. சொல்லச்சொல்ல அவள் முகம் இளகிக்கொண்டே வந்தது. தே ஆறிப்போயிருந்தது. குணாளன் அதைக் குடித்து முடித்தான்.

ஷாமினியிடம் உனக்கு அந்த நாள் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டான். அவள் யோசிக்கவே இல்லை.

"வாசல்ல மேஞ்ச கன்னுக்குட்டி என்னைப் பாத்துச்சு. வான்னு கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு மாமா. அப்புறம் தூங்கிட்டேன். அவ்ளோதான் லா."

பயமாக இல்லையா என்று கேட்டான். கன்றுக்குட்டி சூடாக இருந்தது என்றாள். சிலிப்பர் ஒன்று கழன்று விழுந்ததற்காக அம்மா திட்டுவாள் என்று மட்டும் பயமாக இருந்ததாம். மாதவி அதைக் கேட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளோ என்று குணாளன் பதறினான். அவள் அழவில்லை.

கிடைத்ததிலிருந்து தொடங்கு என்று சொல்வது சுலபம். அந்த நேரத்தில் நடந்தது குணாளனுக்குச் சரியாகத் தெரியாது. அவன் அன்றைக்குக் கால்வாயின் கீழ்ப்பக்கம், ஆற்றோடு சேருகிற இடத்தில் தேடிக்கொண்டிருந்தான். யாரோ மோட்டார் சைக்கிளில் வந்து பிள்ளை கிடைத்துவிட்டாள் என்று சொன்னபோது அங்கேயே சேற்றில் உட்கார்ந்துவிட்டான். அவன் மேலே வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்து, பிள்ளை மைலோ குடித்துவிட்டுத் தூங்கிப்போயிருந்தாள். மாதவிக்கும் அந்தச் சில நிமிடங்கள் கோர்வையாக நினைவில் இல்லை. எனவே திரும்பும் வழியில் பெடாஸில் காடியை நிறுத்தினான். பிள்ளையைக் கண்டெடுத்தவர் அங்கேதான் கடை வைத்திருக்கிறார்.

ஜபருல்லா பாயின் உணவகத்தில் மாலைக் கூட்டம் இன்னும் தொடங்கவில்லை. கல்லாவில் அவர் மனைவி ஹசீனா பேகம் உட்கார்ந்திருந்தார். பாய் ரொட்டி மாவு உருண்டைகளுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். தோட்டத்து மேனேஜரிடம் சொல்லிவைத்து, ஹஜ்ஜுப் பெருநாளுக்கான மாடுகளைச் செம்பனைக்குள் மேயவிடுகிறவர். மாடுகள் போகிற பலகைப் பாலத்தைத் தாண்டி, கால்வாய்க்கு அந்தப் பக்கம் அவற்றுக்கு ஒரு தகரக் கொட்டகை போட்டிருந்தார். குணாளன் வந்த காரணத்தைச் சொன்னதும், கையைத் துடைத்துக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்தார். இந்தக் கதையை இதுவரை யாருமே தன்னிடம் கேட்டதில்லை என்றார்.

"நாங்க ரெண்டு பேரும் முதல் நாள் நீலாய்க்கு ஒரு நிக்காஹ்வுக்குப் போயிட்டோம். அங்கேயே தங்கிட்டோம். என் போன்ல சார்ஜ் இல்ல, இவங்க போனை வீட்டுல வச்சிட்டு வந்துட்டாங்க. ஒரு சேதியும் தெரியாது. விடியக்காலை சுபுஹு தொழுதுட்டுக் கெளம்பி வர்றோம். நல்ல மழை பேஞ்சிருக்கே, மாடு எப்படி இருக்குன்னு பாத்துட்டுப் போவோம்னு மண்சாலையில திருப்பினேன். கொட்டாய்க்குள்ள போனா, கன்னுக்குட்டி மேல தலையை வச்சு ஒரு பிள்ளை தூங்குது."

"பயந்துட்டீங்களா?"

"பயப்பட என்னா இருக்கு? தொலைஞ்சதே எனக்குத் தெரியாதே. யாரோ வேலைக்கு வந்தவங்க பிள்ளைன்னு நெனச்சேன். தட்டி எழுப்பினேன். கண்ணைத் தெறந்து என்னைப் பாத்துட்டு, மைலோ இருக்கான்னு கேக்குது. கடைக்காரன்னு அதுக்கு எப்படித் தெரிஞ்சிச்சோ."

கல்லாவிலிருந்து ஹசீனா பேகம் சிரித்தார். பிள்ளையைத் தன் மடியில்தான் வைத்துக்கொண்டு வந்ததாகவும், புதுப் புடவையெல்லாம் சேறு ஆகிவிட்டதாகவும் சொன்னார். காடியைச் சுற்றுப்பாதையில் விட்டு வீடுகள் பக்கம் வந்தார்களாம். ஒரு வீட்டிலும் ஆள் இல்லை. சத்தம் வந்த பக்கம் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பாய் நடந்திருக்கிறார். கால்வாய்க் கரையில் பெருங்கூட்டம். எல்லோரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள், ஒருவரும் திரும்பவில்லை. ஏதோ முதலை கிதலை என்று நினைத்து, அவரும் எட்டித் தண்ணீரைப் பார்த்திருக்கிறார்.

"அப்புறம் நான்தான் கேட்டேன். இது யாரு பிள்ளைங்கன்னு."

பாய் அதோடு நிறுத்திவிட்டார். சொல்லும்போது சாதாரணமாகத்தான் சொல்லிக்கொண்டு வந்தார். அந்த இடத்தில் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஹசீனா பேகம் கல்லாவை விட்டு இறங்கி வந்து மிச்சத்தைச் சொன்னார். கூட்டத்தில் முதலில் திரும்பியது மாதவி. ஓடிவரவில்லை. நடந்து வந்தாள். பிள்ளையை வாங்கிக்கொண்டு, அதன் காதுக்குப் பின்னால் ஒட்டியிருந்த வைக்கோலை எடுத்துக் கீழே போட்டாள். பிறகு பாயிடம், பசியாறிட்டீங்களா என்று கேட்டாளாம்.

குணாளன் அன்று மாலையே எழுத உட்கார்ந்தான். தொடக்கத்தைத் தேட வேண்டியிருக்கவில்லை.

'எல்லோரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவர்கள் பின்னாலிருந்து ஒருவர், இது யார் பிள்ளை என்று கேட்டார்.'

அதிலிருந்து தாய் நடந்து வந்தது, வைக்கோல், பசியாறிட்டீங்களா என்று கேட்டது, மைலோ கலக்கியது என்று அந்தக் காலையைப் பக்கம் பக்கமாக எழுதினான். பிள்ளை கையில் இருக்கிறாள் என்று தெரிந்த பிறகு, முந்தைய நாளுக்குத் திரும்பிப் போவதில் அவனுக்கே பயம் இல்லை. மழையை எழுத முடிந்தது. ஒற்றைச் சிலிப்பரை எழுத முடிந்தது. ஒரு பெண் பின்வாசலில் நின்று தோழியோடு சிரித்ததை, சிரிப்பாகவே எழுத முடிந்தது. அந்தத் தோழியின் கணவனுடைய நெற்றிச் சாயத்தையும் சேர்த்துக்கொண்டான். கணவனைப் பற்றி ஒரே ஒரு வரி. விடியவிடிய மில்லில் லோரியோடு காத்து நின்றவன் கூடத்தில் அசந்து தூங்கினான். அதற்கு மேல் ஒரு சொல்லும் போடவில்லை.

நீலாவதி படித்துவிட்டு ஒரு எழுத்துப்பிழையைக் காட்டினாள். பிறகு, "இப்ப குடுங்க" என்றாள்.

அவன் முதலில் மாதவிக்குத்தான் அனுப்பினான். அவள் முழுவதும் படித்துவிட்டேன் என்று குரல் செய்தி அனுப்பினாள். மணியத்துக்கும் படிக்கக் கொடுக்கப்போகிறேன் என்றாள். அடுத்த இரண்டு மூன்று நாட்கள் போன் அடித்தால் குணாளன் திடுக்கிட்டான். ஒரு மாலை, ஸ்டோரைப் பூட்டிக்கொண்டிருக்கும்போது மணியம் கூப்பிட்டான். பின்னால் லோரி இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

"மச்சான். கதை படிச்சேன்."

"ம். சொல்லுங்க மாப்பிள்ளை."

"நான் தூங்கிக்கிட்டு இருந்தேன்னு போட்டிருக்கீங்க."

குணாளன் கையில் பூட்டோடு நின்றான். வேண்டுமானால் எடுத்துவிடுகிறேன் என்று வாய் வரை வந்தது. மணியம் இன்ஜினை அணைக்கும் சத்தம் கேட்டது.

"சரியாத்தான் இருக்கு" என்றான். "அப்படியே இருக்கட்டும்."

குணாளன் வெளியே வந்து காடியில் உட்கார்ந்து, கண்ணாடிகளையெல்லாம் இறக்கிவிட்டுக்கொண்டு சும்மா இருந்தான். வீட்டுக்குப் போகும் வழியில் நெரிசல். அன்றைக்கு அது அவனை ஒன்றும் செய்யவில்லை.

வாசகர் வட்டத்தில் கருத்து இரண்டாகப் பிரிந்தது. பழைய வரியே மேல், புதியதில் மர்மம் போய்விட்டது என்று தலைவர் குறைப்பட்டார். பின்வரிசையில் இருந்த ஓர் அம்மா, மர்மம் கிடக்கட்டும், வைக்கோலை எடுத்துப் போட்ட இடத்தில் தனக்கு அழுகை வந்துவிட்டது என்றார். குணாளன் இரண்டையும் கேட்டுக்கொண்டான். கதையை மாற்றவில்லை. அது அப்படியே அச்சுக்குப் போனது.

தீபாவளிக்கு மறுநாள் தங்கை வீட்டுக்குப் போனார்கள். மாதவி தோட்டத்து ஆட்களையும், ஷாமினியின் புது வகுப்பாசிரியை குடும்பத்தையும் அழைத்திருந்தாள். ஜபருல்லா பாய் ஒரு பெரிய பாத்திரத்தில் சோறு அனுப்பிவிட்டு, பின்னாலேயே மனைவியோடு வந்து சேர்ந்தார். கூடம் நிறைந்துவிட்டது. பாயை அறிமுகப்படுத்தும்போது, எங்கள் ஷாமினியைக் கண்டெடுத்தவர் என்று யாரோ சொல்ல, ஆசிரியை அது என்ன கதை என்று கேட்டார்.

குணாளன் நீலாவதியைப் பார்த்தான். மாதவி கையில் முறுக்குத் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். மணியம் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"பாய் மாட்டைப் பாக்கப் போனாரு டீச்சர்" என்று தொடங்கினான். "அங்க இவ கன்னுக்குட்டி மேல படுத்துத் தூங்குறா."

புதுத் தொடக்கம் அவனுக்கு இன்னும் பழகவில்லை. பாதியில் தடுமாறினான். கரையிலிருந்த கூட்டத்தைச் சொல்ல மறந்து, திரும்ப வந்து சொன்னான். பாய் ஓரிடத்தில் திருத்தினார். கன்று பழுப்பில்லை, கறுப்பு என்று ஷாமினி குறுக்கே விழுந்தாள். ஹசீனா பேகம் தன் புடவைக் கதையைச் சொன்னார். ஆசிரியை கேட்டுக் கேட்டுச் சிரித்தார். ஆமாம், பிள்ளை முதலில் எப்படித்தான் வெளியே போனாள் என்று அவர் கேட்டபோது, மணியம் மாதவியின் பக்கம் திரும்பினான்.

"இவரு கூடத்துல நல்லாத் தூங்கிக்கிட்டு இருந்தாரு" என்றாள் மாதவி. "நான் பின்னால போன்ல மோகனாகூடச் சிரிச்சிக்கிட்டு இருந்தேன். இவ பாட்டுக்குப் போயிட்டா."

சொல்லிவிட்டு முறுக்குத் தட்டை ஆசிரியையிடம் நீட்டினாள். ஆசிரியை ஒன்றை எடுத்துக்கொண்டு, என் மகனும் இப்படித்தான், ஒரு நாள் பாசாரில் காணோம் என்று தன் கதையைத் தொடங்கினார். யாரும் யாரையும் உற்றுப் பார்க்கவில்லை. மணியம் நகர்ந்து மாதவிக்கு இடம் விட்டான். அவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, ஆசிரியையின் மகன் கிடைக்கும் வரைக்கும் எழுந்திருக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.